அணுகுண்டுக்குக் கணக்கு உண்டா?

உத்திரமேரூர் கல்வெட்டும் டெல்லி பட்ஜெட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் பக்கம் இருக்கிறது காவாந்தண்டலம் கிராமம்.

இந்த ஊரில் கிராம சபை கூடினால் ஊராட்சியின் வரவு-செலவைப் படிப்பார்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு? குடிதண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு? எல்லாவற்றையும் சபையில் சொல்ல வேண்டும். "எங்கள் தெரு விளக்கு ஏன் எரியவில்லை?" என்று ஒரு பாட்டி எழுந்து கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் இப்படி வருஷத்துக்கு 6 தடவை கிராம சபை கூட்ட ஏற்பாடு உண்டு.

தெருவிளக்குக்குக் கணக்கு கேட்கலாம். அணுகுண்டுக்குக் கணக்கு கேட்கலாமா?

கேட்டால் சிலர் சிரிப்பார்கள். "அது டெல்லி விஷயம். நமக்கு ஏன்?" என்பார்கள். ஆனால் பணம் டெல்லியில் காய்ப்பதில்லை. காவாந்தண்டலத்தில் சோப்பு வாங்குகிறவரும், செல்போனுக்குப் பணம் போடுகிறவரும் கட்டும் வரியில்தான் பீரங்கியும் வாங்குகிறார்கள், அணுகுண்டும் செய்கிறார்கள்.

ஆளுக்கு எவ்வளவு?

2025-26ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ராணுவ இலாகாவுக்கு ஒதுக்கிய தொகை 6 லட்சத்து 81 ஆயிரத்து 210 கோடி. அதாவது, சர்க்கார் 100 ரூபாய் செலவு செய்தால் அதில் 13 ரூபாய்க்கு மேல் ராணுவத்துக்குப் போகிறது.

இதை இந்தியாவில் உள்ள எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 4,700 ரூபாய் வரும். கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 5 பேர் உள்ள குடும்பத்துக்கு 23,500 ரூபாய்.

இந்தப் பணம் எப்படிச் செலவாகிறது?

ராணுவத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 46 ரூபாய் சிப்பாய்களின் சம்பளம், சாப்பாடு, பெட்ரோல், பழுது பார்ப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. 26 ரூபாயில் விமானம், கப்பல், பீரங்கி வாங்குகிறார்கள். 24 ரூபாய் பென்ஷன். மீதி 4 ரூபாய் இலாகாவின் மற்றச் செலவு.

இதுவரை சரி. இவ்வளவும் அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி, இந்தப் புத்தகத்தில் அணுகுண்டைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது!

மூன்று பெட்டிகளில் ஒரு குண்டு

அணு ஆயுதத்துக்கு என்று பட்ஜெட்டில் தனி வரி கிடையாது. அந்தச் செலவு பல பெட்டிகளில் பிரிந்து கிடக்கிறது.

குண்டைச் செய்கிறவர்கள் அணுசக்தி இலாகாவினர். இந்த இலாகா ராணுவ மந்திரியின் கீழ் இல்லை. நேராகப் பிரதம மந்திரியின் பொறுப்பில் இருக்கிறது. குண்டைச் சுமந்து செல்லும் ஏவுகணையைச் செய்வது ராணுவ ஆராய்ச்சி நிறுவனம். ஏவுகணையைக் கடலுக்கு அடியில் கொண்டு செல்லும் நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டுவது கடற்படை.

ஆகவே, "அணு ஆயுதத்துக்கு மொத்தம் எவ்வளவு?" என்று ஒரு லோக்சபை உறுப்பினர் புத்தகத்தைப் புரட்டினாலும் கூட்டிச் சொல்ல முடியாது.

ஆயுதத்தை உபயோகிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதை மட்டும் சர்க்கார் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1974 மே 18ல் பொக்ரானில் முதல் வெடிப்புச் சோதனை நடந்தது. 1998 மே 11லும் 13லும் மறுபடியும் நடந்தது. 2003 ஜனவரி 4ல் அணு ஆயுத அதிகார சபை அமைந்திருப்பதாக சர்க்கார் அறிவித்தது. பிரதம மந்திரி தலைமையில் உள்ள அரசியல் குழுதான் அணு ஆயுதத்தை உபயோகிக்க உத்தரவிட முடியும். "முதலில் நாம் போட மாட்டோம்" என்பதும் அன்று சொன்ன கொள்கைதான்.

குண்டைப் போடுகிற அதிகாரம் யாருக்கு என்று நாட்டுக்குத் தெரியும். குண்டுக்கான செலவைப் பார்க்கிற அதிகாரம் யாருக்கு என்பதுதான் தெளிவாக இல்லை.

கல்பாக்கத்தில் இரண்டு கதைகள்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உத்திரமேரூருக்குக் கிழக்கே, கடலோரத்தில் கல்பாக்கம் இருக்கிறது. 2019 வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

முதல் கதை: கல்பாக்கத்தில் 500 மெகாவாட் மின்சாரம் எடுக்க வேக ஈனுலை ஒன்று கட்ட 2003ல் சர்க்கார் அனுமதி கொடுத்தது. மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். 2010ல் முடியும் என்றார்கள். முடியவில்லை. மதிப்பீடு 5,677 கோடியாக உயர்ந்தது. பிறகு இன்னும் ஏறியது. 2024 மார்ச் 4ஆம் தேதிதான் உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலை ஆரம்பமாயிற்று. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஏன் தாமதம், ஏன் கூடுதல் செலவு என்று பத்திரிகைகள் கேட்டன. பார்லிமெண்டிலும் கேள்வி எழுந்தது.

இரண்டாவது கதை: அதே கல்பாக்கத்தில் இன்னொரு அணு உலையும் இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டுவதற்கான மாதிரி உலை அது. பல வருஷங்கள் அப்படி ஒன்று இருப்பதையே சர்க்கார் சொல்லவில்லை. 2009 ஜூலை 26ல் விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு, ஆகஸ்டு மாதத்தில்தான் பத்திரிகைக்காரர்களைக் கல்பாக்கத்துக்கு அழைத்து அந்த உலையைக் காட்டினார்கள்.

அரிஹந்த் இன்று கடலில் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 29ல் அரிகாட் என்ற இரண்டாவது கப்பலும் கடற்படையில் சேர்ந்தது. விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் செய்து முடித்த பெரிய காரியம் இது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் மின்சார உலையில் 10 ரூபாய் வீணானால் கேட்க ஆள் இருக்கிறது. ரகசிய உலையில் 10 ரூபாய் வீணானால் யார் கேட்பது?

தன் கையால் தானே மார்க்கு

பணம் மட்டும் அல்ல, மனித உயிரும் இதில் இருக்கிறது.

அணு உலைகள் பாதுகாப்பாக நடக்கின்றனவா என்று பார்க்க 1983 நவம்பரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. ஆனால் 2000ஆம் வருஷம் ஏப்ரலில் ஓர் உத்தரவு வந்தது. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இனி அந்த வாரியத்தின் மேற்பார்வையில் வராது. அந்த நிலையமே தன் பாதுகாப்பைப் பார்த்துக் கொள்ளும். ஆயுத வேலை நடக்கும் இடம் என்பதே காரணம். கல்பாக்கத்தில் அந்த நிலையத்துக்குச் சொந்தமான ஆலைகளும் இதில் அடங்கின.

2003 ஜனவரி 21ல், உபயோகித்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் கல்பாக்கம் ஆலையில் விபத்து நடந்தது. 6 பேர் உடலில் அனுமதித்த அளவுக்கு மேல் கதிரியக்கம் ஏறியது. பல மாதங்கள் கழித்துத்தான் இதன் முழு விவரம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துப் பையன் தன் பரீட்சைத் தாளுக்குத் தானே மார்க்குப் போட்டால் எப்படி இருக்கும்? பையன் நல்லவனாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்த மார்க்கை அப்பா நம்புவாரா?

2012ல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி அந்த வாரியத்தைப் பற்றியே ஓர் அறிக்கை கொடுத்தார். வாரியத்துக்குச் சட்டப்படியான சுதந்திரம் இல்லை, தப்புச் செய்தவர்களுக்கு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான் என்று அது எடுத்துக் காட்டியது. 2013 டிசம்பரில் பார்லிமெண்டின் பொதுக்கணக்குக் குழுவும் வாரியத்தின் குறைகளைக் கண்டித்தது. கடைசியில் 2025 டிசம்பரில் பார்லிமெண்டு அணுசக்திக்குப் புதிய சட்டம் இயற்றி, வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது.

தணிக்கை அதிகாரி பேசியதற்கும் பலன் இருந்தது. பலன் வர 13 வருஷம் ஆயிற்று!

காவல்காரர்கள் உண்டு. கதவு திறக்குமா?

சர்க்கார் பணத்தைக் காவல் காக்க நம் அரசியல் சட்டம் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. தணிக்கை அதிகாரியை மந்திரிகள் நினைத்தபடி நீக்க முடியாது. அவர் அறிக்கையை ஆராய்வது பொதுக்கணக்குக் குழு. அதில் லோக்சபை உறுப்பினர் 15 பேர், ராஜ்ய சபை உறுப்பினர் 7 பேர். 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே தலைவராக இருப்பது வழக்கம். ராணுவ விஷயங்களுக்கு என்று 31 பேர் கொண்ட தனிக் குழுவும் 1993 முதல் இருக்கிறது.

இந்த ஏற்பாடு நாடு சுதந்திரம் அடைந்த உடனேயே வேலை செய்தது. 1948ல் காஷ்மீர் சண்டைக்காக லண்டன் வழியே 2,000 பழைய ஜீப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தவை 155! அவையும் உதவாதவை. பொதுக்கணக்குக் குழு இதை விடாமல் கேட்டது. 1955ல் சர்க்கார் விஷயத்தை முடித்துவிட்டாலும், நாடு அதை மறக்கவில்லை.

ஜீப்பை எண்ணலாம். எண்ணியதால்தான் குறை தெரிந்தது. எண்ண முடியாத இடத்தில் குறையும் தெரியாது.

பார்லிமெண்டும் சில சமயம் தன் கடமையை விட்டு விடுகிறது. 2018லும் 2023லும் சபையில் கூச்சல் குழப்பம். எல்லா இலாகாக்களின் செலவும் விவாதம் இல்லாமலே ஒரே மூச்சில் நிறைவேறியது. இதற்கு "கில்லட்டின்" என்று பெயர். பிரான்சு நாட்டில் தலை வெட்டிய யந்திரத்தின் பெயர் அது! அன்று பார்லிமெண்டில் வெட்டுப்பட்டது கேள்வி.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவும் முதலில் இப்படித்தான் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அணுகுண்டு செய்ய சுமார் 200 கோடி டாலர் செலவழித்தார்கள். யுத்தச் செலவை விசாரிக்க ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் ட்ரூமன் என்ற செனட்டர். ஏதோ ஓரிடத்தில் பணம் கொட்டுகிறதே என்று 1943ல் அவர் விசாரிக்கப் போனார். "இதை மட்டும் விட்டு விடுங்கள்" என்று யுத்த மந்திரி கேட்டுக் கொண்டார். ட்ரூமனும் விட்டு விட்டார். 1945 ஏப்ரலில் அவரே ஜனாதிபதி ஆனார். அதன் பிறகுதான் அந்தப் பணம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது!

இங்கிலாந்தில் அட்லி சர்க்கார் சுமார் 10 கோடி பவுன் செலவை பார்லிமெண்டுக்குத் தெரியாமலே குண்டு வேலைக்குச் செய்தது. 1951ல் மீண்டும் பிரதமரான சர்ச்சில் இதைக் கண்டு அசந்து போனார்.

இன்று அமெரிக்காவில் நிலைமை வேறு. 2025 முதல் 2034 வரை அணு ஆயுதங்களுக்கு 94,600 கோடி டாலர் ஆகும் என்று அந்த நாட்டுப் பார்லிமெண்டின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறது. இதனால் அமெரிக்காவின் குண்டு ரகசியம் எதிரிக்குப் போய்விட்டதா? இல்லை. குண்டு செய்யும் விதம் வேறு. குண்டின் விலை வேறு.

எதை மறைப்பது? எதைச் சொல்வது?

ரகசியமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குண்டு எங்கே இருக்கிறது, எப்படிச் செய்தது என்பதெல்லாம் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று யாரும் தெருவில் கத்துவதில்லை. ஆனால் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மனைவிக்கும் சொல்லாத கணவன் குடும்பம் நடத்த முடியாது.

1948 ஏப்ரலிலேயே இந்தக் கேள்வி வந்து விட்டது. அணுசக்தி மசோதாவை நேரு கொண்டு வந்தார். சமாதான வேலைக்கும் ஏன் இவ்வளவு ரகசியம் என்று மைசூர்க்காரரான கிருஷ்ணமூர்த்தி ராவ் சபையில் கேட்டார். சமாதான வேலையையும் ராணுவ வேலையையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்றார் நேரு. அன்று பிரிக்க முடியாமல் போன முடிச்சு இன்னும் அவிழவில்லை.

மொத்தத் தொகையை மட்டுமாவது வருஷா வருஷம் சொல்லலாம். விவரத்தை எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த ஒரு சிறு குழு, ரகசியப் பிரமாணம் செய்து கொண்டு, கதவைச் சாத்திக் கொண்டு பார்க்கலாம். ஆயுத வேலை நடக்கும் ஆலைகளிலும், தொழிலாளர் பாதுகாப்பை வெளியார் ஒருவர் போய்ப் பார்க்கலாம். இவற்றால் நாட்டின் பலம் குறையாது.

கல் சொல்லும் பாடம்

இதெல்லாம் புதிய யோசனையா? உத்திரமேரூருக்கு ஒரு நடை போய் வந்தால் போதும்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் வருஷத்தவை. குடவோலை முறையில் ஊர் வேலைக்கு ஆள் எடுத்த விதம் அதில் இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம், பொன்னைப் பார்க்கப் பொன் வாரியம் அமைத்தார்கள். பதவி 360 நாள்.

அந்தச் சபையில் எல்லா ஜாதிக்காரருக்கும் இடம் இல்லை. பெண்களுக்கும் இடம் இல்லை. அது அந்தக் காலத்துக் குறை. ஆனால் ஒரு விதி மட்டும் இன்றைக்கும் பொருந்தும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக் கூடாது. அவன் மட்டும் அல்ல. அவன் தகப்பன், மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன் ஒருவரும் வரக் கூடாது!

ஏரியின் மதகை நம்பிக் கொடுத்தவனிடமே அவ்வளவு கண்டிப்பாகக் கணக்குக் கேட்டது இந்த மண். ஒரு நகரத்தையே அழிக்கும் ஆயுதத்தை நம்பிக் கொடுத்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவா கேட்பது?

அடுத்த கிராம சபையில் பாட்டி தெருவிளக்கைப் பற்றிக் கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஊர், ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இன்னொன்றையும் கேட்கலாம்:

"ஐயா, டெல்லிக்குப் போனால் எங்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பீர்களா?"