நாலு உருண்டை ஆர்னிகா

பிச்சாவரத்தில் படகில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். ஏறும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கும். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே சுற்றி, ‘இதயக்கனி’ எடுத்த இடம் இதுதான் என்று அப்பாக்கள் பிள்ளைகளுக்குக் காட்டி, போட்டோ எல்லாம் எடுத்து முடித்துக் கரைக்கு வரும்போது கால் மரத்துப் போயிருக்கும். படகுத்துறை ஈரமாக இருக்கும். போன தை மாதம் என் பெரியம்மா வழுக்கி விழுந்தது அங்கேதான். இடது தொடை படகு விளிம்பில் நன்றாக மோதிவிட்டது.

தோல் கிழியவில்லை, சொட்டு ரத்தம் வரவில்லை. எழுந்து நடந்தார். “ஒண்ணுமில்லடி, ஊமைக்காயம்தான்” என்றார்.

அதற்குள் அக்கா கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துவிட்டாள். ஆர்னிகா 30. வெள்ளை உருண்டை நாலு, நாக்குக்கு அடியில். “இனி வீங்காது பாரும்மா.” நானும் தலையாட்டினேன். என் வீட்டு அலமாரியிலும் அதே பாட்டில் இருக்கிறதே!

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மாத்திரையாக இல்லாவிட்டால் ஆர்னிகா தலை எண்ணெயாகவாவது இருக்கும். ஆர்னிகா மொன்டானா என்பது ஐரோப்பிய மலைப்புல்வெளிகளில் பூக்கும் மஞ்சள் பூச்செடி. நம் சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். வயல் வரப்பில் பூக்கும் வெட்டுக்காயப் பூண்டும் இதற்குப் பங்காளி முறைதான். சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அந்த இலையைக் கசக்கிப் பிழிந்துவிடுவார்களே, அதே பூண்டு. இங்கே நாம் இதைத் தேடியதுபோல, அங்கே மலைக்காரர்கள் அடிபட்ட இடத்தில் ஆர்னிகாவைத் தேய்த்திருக்கிறார்கள்.

ஆனால் அக்கா கொடுத்த உருண்டை வேறு விஷயம். ஹோமியோபதியை 1796இல் தொடங்கிவைத்தவர் ஜெர்மனியின் சாமுவேல் ஹானிமன். அந்த முறைப்படி, செடியின் சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பார்கள். இப்படி முப்பது முறை செய்தால் அது 30. பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலச்சாற்றின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். நம் நாட்டில் ஹோமியோபதிக்குச் சட்டப்படி இடம் உண்டு, திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அதே சமயம், ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டு 2015இல் என்ன சொன்னது தெரியுமா? எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று. இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். “என் பையனுக்கு எத்தனை தடவை சரியாயிருக்கு!” என்பாள்.

சரியாகியிருக்கும். ஊமைக்காயத்தின் குணமே அதுதான். அடிபட்டால் தோலுக்கு அடியில் சின்ன ரத்தக்குழாய்கள் உடைகின்றன. கசிந்த ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அப்புறப்படுத்துகிறது. அதனால்தான் அந்த இடம் முதலில் சிவந்து, கருநீலமாகி, பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறைகிறது. உருண்டை கொடுத்தாலும் மறையும், கொடுக்காவிட்டாலும் மறையும். விளையாடுகிற பிள்ளையின் முட்டிக்கு நாலு சர்க்கரை உருண்டையால் ஒரு கெடுதலும் இல்லை. அழுகை நிற்பது உறுதி!

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். அவருக்கு மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் தினமும். சாதாரண உடம்பில் சில நிமிடங்களில் அடைபடுகிற கசிவு, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மணிக்கணக்கில் நீளலாம்.

சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ராத்திரி தொடை வீங்கியிருந்தது. இரண்டாவது தடவை உருண்டை. போதாததற்கு நான் வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுத்தேன். அடிபட்ட முதல் நாள் சூடு வைத்தால் ரத்தக்குழாய் விரிந்து கசிவு கூடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். வெந்நீரெல்லாம் இரண்டு நாள் கழித்து, வீக்கம் நின்ற பிறகுதான். விடிந்து பார்த்தால் இடுப்பிலிருந்து முட்டிவரை கறுத்து, தொடை கல் மாதிரி இறுகியிருந்தது.

மருத்துவர் தொடையைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி: “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” ஸ்கேனில் தசைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. இறுக்கக் கட்டுப்போட்டு, படுக்கவைத்து, இதய மருத்துவரிடம் போனில் பேசிய பிறகே மாத்திரையில் மாற்றம் செய்தார்கள். இது முக்கியம்: அந்த மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். வலிக்கிறதே என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது, சில வகை ரத்தக்கசிவைக் கூட்டும். பெரியம்மா மூன்று வாரத்தில் தேறிவிட்டார். உருண்டை அவரை ஒன்றும் செய்யவில்லை. மருந்து கொடுத்தாச்சு என்ற நிம்மதிதான் ஒரு ராத்திரியைத் தின்றுவிட்டது.

தலையில் அடிபட்டால் இன்னும் மோசம். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். அடியே படாமல் உடம்பில் நீலத் திட்டு வந்தாலும் ரத்தப் பரிசோதனை தேவை, காய்ச்சலும் சேர்ந்தால் டெங்குவாக இருக்கலாம்.

ஆர்னிகாவில் செடி நிஜமாகவே இருப்பது ஜெல்லிலும் மதர் டிங்க்சரிலும்தான். கை மூட்டுத் தேய்மான வலிக்கு அந்த ஜெல்லை, வழக்கமான வலி ஜெல்லோடு ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தனவாம். தடவிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் தோல் கிழிந்த இடத்தில் தடவக்கூடாது. சாமந்திப்பூ பட்டாலே அரிக்கிறவர்களுக்கு இதுவும் அரிக்கும். டிங்க்சரைக் குடித்தால் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பிச்சாவரம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், சிப்பி ஓடு கத்தி மாதிரி கிழிக்கும். கிழித்தால் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, டி.டி. ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் காயம் சிவந்து வீங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உப்புநீர்க் கிருமி வேகமாகப் பரவும். இரண்டாவது, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அந்தத் தில்லை மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கால்மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

பெரியம்மாவின் சுருக்குப்பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரும் அளவும் அதில் எழுதியிருக்கிறது. அக்காதான் எழுதிக் கொடுத்தாள். பாட்டிலையும் இன்னும் தூக்கிப் போடவில்லை. “அடுத்த தடவை எல்லாரும் இறங்கின பிறகு, ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவேன்” என்கிறார் பெரியம்மா. போகாமல் இருக்கப்போவதாக மட்டும் சொல்லவில்லை.