மழலையரும் ஆலய ஆராதனையும்

தத்தித் தத்தி நடக்கும் சிறு குழந்தைகளை ஆலய ஆராதனைக்கு அழைத்து வரலாமா என்னும் வினா அற்பமானதெனச் சிலருக்குத் தோன்றலாம். எனினும், ஒரு சபையின் பிற்காலம் அவ்வினாவிற்கு நாம் அளிக்கும் விடையைப் பெரிதும் சார்ந்துள்ளது என்பது எமது துணிபு.

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த கரிசற் பூமியை எடுத்துக்கொள்வோம். 1834ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், திருச்சுழிப் பகுதியிலுள்ள மண்டபசாலையை ஒரு நிலையமாகக் கொண்டு இந்நாட்டில் ஊழியஞ் செய்தது. அம்மிஷன் வளர்த்த சபைகள் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உதயமான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தன. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் இங்கே, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளைகின்றன. மழை பொய்த்தால் வாலிபர் பிழைப்பு நாடி வெளியூர் செல்கின்றனர். முதியோரே ஊரில் எஞ்சுகின்றனர். இத்தகைய கிராமத்து ஆலயத்தில் ஒரு குழந்தையின் குரல் கேட்பது பாக்கியமன்றோ? அதனை இடையூறென்பது எங்ஙனம் பொருந்தும்?

குழந்தை அழுதால் பிரசங்கம் செவியில் விழாது, ஜெபத்தின் அமைதி குலையும் என்பர். இது முற்றும் பொய்யன்று. ஆனால், அழும் குழந்தையோடு வெளியேறுபவள் தாயே. ஆறு நாளும் களையெடுத்தும் பருத்தி பறித்தும் அலுத்தவள், ஏழாம் நாளில் வேப்பமரத்தடியில் நின்று, சுவருக்கப்பால் ஒலிக்கும் கீர்த்தனையின் மெட்டை மட்டும் கேட்டு வீடு திரும்புகிறாள். பிள்ளைகள் இருவர் மூவராயின் இவ்வண்ணமே ஆண்டுகள் பல கழிகின்றன. சபையாரின் அமைதிக்குரிய விலையை அவளொருத்தியே செலுத்துகிறாள். ஒலிபெருக்கியின் முழக்கத்தைப் பொறுக்கும் செவிகள் மழலையைப் பொறாதிருப்பது வியப்பே.

தென்னிந்தியத் திருச்சபை குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் அளிக்கிறது. அவ்வேளையில் பெற்றோர் மட்டுமன்றிச் சபையாரும் பிள்ளையின் வளர்ப்பிற்குப் பொறுப்பேற்கின்றனர். தண்ணீரால் வரவேற்ற பிள்ளையை அழுகையின் நிமித்தம் வாசலுக்கு அனுப்புவது அப்பொறுப்பிற்கு ஏற்றதன்று. குழந்தைகளைக் கொண்டுவந்தோரை அதட்டிய சீஷர்மேல் ஆண்டவர் விசனமடைந்ததை மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரம் கூறுகிறது. அதட்டியவர் அந்நியரல்லர், அவரோடு நெருங்கியிருந்தவரே என்பதைச் சபை மூப்பர் சிந்திப்பாராக.

குழந்தைக்கு ஆராதனை விளங்குமோ என்பாருமுளர். 1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் ஊக்குவித்த ஞாயிறு பாடசாலை முறை மிக நன்று. ஆயினும், பாடம் கேட்குமுன்னரே பழக்கம் வேரூன்றிவிடுகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பொருளறிந்தா நாம் முதலிற் பாடினோம்? மடியிலிருந்து தாளந்தட்டியே கற்றோம்.

ஒழுங்கு வேண்டாமென்பது எமது கருத்தன்று. குழந்தையுடையோருக்கு வாசலருகே பாயும் குடிநீரும் வைத்தல் வேண்டும். பிள்ளை சிணுங்கினால் ஒரு வாரம் தாயும் மறு வாரம் தந்தையும் தூக்கிச் சென்று, அமைதியுற்றதும் உள்ளே வருதல் வேண்டும். பிரசங்கியார் சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் வேண்டும். அறுப்பின் பண்டிகையில் பிள்ளையின் பிடியளவு கம்பையும் காணிக்கையாய் ஏற்றல் வேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

நம் மாணவரிற் பலர் நாளை உபதேசியாராகவும் மூப்பராகவும் இத்தகைய கிராமங்களுக்குச் செல்வர். குழந்தை அழுகையில் திரும்பி முறைப்பவராயிராமல், எழுந்து தாய்க்கு இடங்கொடுப்பவராய் அவர் விளங்குவாராக. இன்று வாசலில் நிறுத்தப்படும் பிள்ளை, வளர்ந்தபின் உள்ளே வருமென்று எதிர்பார்ப்பது விதையாது அறுவடை நாடுவதை ஒக்கும்.