எண்ணிச் சொல்லுக்கா

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. துபாயிலிருந்து தம்பி. நல்லா இருக்கியா, மாமா எப்படி இருக்காரு, பிள்ளைக படிக்குதுகளா என்பதெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் குரல் மாறும். "யக்கா, போனைத் தொட்டிப் பக்கம் திருப்பு. எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லு."

அவன் விமானம் ஏறியபோது ஒன்பது இருந்தன. ஆடிக்கு ஏழு. தீபாவளிக்கு நாலு. பொங்கலுக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்தாலே தெரிந்தது, ரெண்டு. இதைப் போனில் ஒவ்வொரு தடவையும் சொல்கிற பாவம் யாருக்கு வாய்த்திருக்கிறது பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு மார்க் குறைந்ததைக்கூட நான் இவ்வளவு தயங்கிச் சொன்னதில்லை.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல். ஆமாம், ஆண்டிபட்டியில் கடல். தங்க மீனோ கப்பியோ வளர்த்திருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? பவளப்பாறை மீன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதிலும் கூட்டமாகப் போகிற மீன். பச்சை குரோமிஸ் என்று பெயர். விரல் நீளத்துக்கு, வெளிச்சம் பட்டால் பச்சையும் நீலமுமாக மயில் கழுத்து போல மின்னும். முதல் நாள் ஒன்பதும் ஒரே நேரத்தில் திரும்பியபோது நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. அதற்கப்புறம் விசா வந்தது. "நேரத்துக்கு இரை போட்டாப் போதும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். கடலை என் தலையில் கட்டிவிட்டு, கடற்கரை ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வருமாம். இங்கே நான் உப்பை நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற ரோடு அந்தக் காலத்தில் 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கொச்சியில் ஆரம்பித்து தனுஷ்கோடியில் முடிந்தது. அந்தப் பக்கம் ஒரு கடல், இந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் எந்தக் கடலும் எட்டாத இடத்தில் நாங்கள். பக்கத்திலேயே வைகை அணை, 1959-இல் திறந்தது, 71 அடி. அந்த வைகையும் கடலை ஒழுங்காகப் பார்த்த ஆறு இல்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுந்து, அதற்கு மேல் மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. கடலுக்குச் சொட்டுத் தண்ணீர் விடாத ஆறு என்று புலவர்கள் காலத்திலிருந்தே அதற்குப் பெயர். அப்படிப்பட்ட தண்ணீரை என் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கடலாக்கு என்றால் அது முறைக்கத்தானே செய்யும்?

பக்கத்து வீட்டு மதினிக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. "போர்த் தண்ணியே உப்புத் தண்ணிதானே? அதைப் புடிச்சு ஊத்து. பத்தலைன்னா ரெண்டு கை கல்லுப்பு அள்ளிப் போடு." நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். கடலிலிருந்துதானே உப்பு எடுக்கிறார்கள், திரும்பக் கரைத்தால் கடல்தானே! அது அப்படி இல்லையாம். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். அடுத்துத்தான் நம் சாப்பாட்டு உப்பு விளையும். கடைசியில் நிற்கிற கசப்புத் தண்ணீரை வடித்து விடுவார்கள்; மெக்னீசியம் முக்கால்வாசி அதோடு போய்விடும். ஆக, கல்லுப்பு என்பது பல சத்தைக் கழற்றிவிட்ட கடல். குழம்புக்குச் சரி, குரோமிஸுக்கு ஆகாது. எல்லாம் சேர்த்துச் செய்த மீன் தொட்டி உப்பு என்று தனியாக மூட்டை வருகிறது. லிட்டருக்கு 35 கிராம். இருநூறு லிட்டர் தண்ணீருக்கு ஏழு கிலோ. எங்கள் வீட்டில் ஏழு கிலோ கல்லுப்பு எத்தனை வருஷத்துக்கு வரும் தெரியுமா? இதில் மாதாமாதம் கொஞ்சம் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். பணத்தைக் கரைத்து வாய்க்காலில் விடுவது என்று சும்மா சொல்வார்கள், நான் நிஜமாகவே செய்கிறேன்.

உப்பைக் கரைக்கிற தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். அந்த மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் ரெண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவுகிறேன். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற தெருவில், மீனுக்காக வடிகட்டிய தண்ணீர் என்று வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் அடிக்க வருவாய்ங்க.

அத்தை ஒரு நாள் உதவி செய்தார்கள். தொட்டியில் தண்ணீர் ரெண்டு விரற்கடை குறைந்திருந்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு அது சகஜம். கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசுகிற மாதங்களில் காயப் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். உப்பு மீன் என்று மருமகள் சொல்கிறாளே என்று, உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றி நிரப்பிவிட்டார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது, அதனால் வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? "உப்பு மீனுக்கு நல்ல தண்ணி ஊத்துறவளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சித்திரை, வைகாசியில் இன்னொரு கொடுமை. இந்த மீன்களுக்கு 25, 26 டிகிரி சூடு இருந்தால் சுகம். எங்கள் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் மனுஷனுக்கே அது கிடைப்பதில்லை. குளிரூட்டும் மெஷின் ஒன்று உண்டாம். விலையைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தோம். ஆகவே ஐஸ் பாட்டில். தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, மூடியோடு தொட்டியில் மிதக்க விடுவது. காலையில் ஒன்று, மதியம் ரெண்டு, சாயங்காலம் ஒன்று. ஃப்ரீசரின் மறுபாதியில் மீனுக்கான இறால் குஞ்சு, கட்டி கட்டியாக. வெள்ளிக்கிழமை அதுவுமாக ஃப்ரிட்ஜைத் திறந்து அத்தை முகம் சுளிப்பதும் நான் பார்க்காததுபோல மாவை எடுத்துக்கொண்டு நகர்வதும் இந்த வீட்டின் வாரச் சடங்கு. ஐஸ் பாட்டிலைச் சொல்லும்போது மன்னார் வளைகுடா நினைவுக்கு வருகிறது. 1998, 2010, 2016 என்று கோடையில் கடல் சூடேறி அங்கே பவளமே வெளுத்துப் போயிருக்கிறது. அத்தனை பெரிய தொட்டிக்கு ஐஸ் பாட்டில் போட எவளிடம் ஃப்ரீசர் இருக்கிறது?

கரண்ட் போனால் கதையே வேறு. எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள், கை நீட்டிக் கும்பிடுகிறதுபோல வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் மோட்டார் நின்றிருக்கும். நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரைகிறது. சூடாக இருந்தால் இன்னும் குறைவு. ஆக, எந்த மாதம் கரண்ட் அதிகம் போகிறதோ அந்த மாதம்தான் மீனுக்கு மூச்சும் முட்டும். பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனால் பிள்ளைகளுக்கு விசிறுவதற்கு முன்னால் அதைத்தான் தேடி ஓடுகிறேன். இதை என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, அவரே எழுந்து பிள்ளைகளுக்கு விசிறினார். அந்த மௌனம் இருக்கிறதே!

சரி, தண்ணீர், உப்பு, சூடு, காற்று எல்லாம் சரியாக வைத்தும் ஏன் செத்தன? அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. இவற்றை நான் கொல்லவில்லை. அதுகளே அதுகளைக் கொன்றன.

கடலில் இந்தக் குரோமிஸ் நூற்றுக்கணக்கில் கூடி, கிளை கிளையாக மான் கொம்புபோல வளர்ந்த பவளத்துக்கு மேலே மிதந்துகொண்டே, நீரோட்டத்தில் வருகிற பொடி உயிர்களைக் கொத்தித் தின்னும். பெரிய மீன் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் கொம்புகளுக்குள் பதுங்கும். ராத்திரித் தூக்கமும் அதற்குள்தான். பார்ப்பதற்கு என்ன ஒற்றுமை என்று தோன்றும். தம்பி அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானும் பாதி மீன் வாத்தியார் ஆகிவிட்டேன். 1971-இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்று ஒரு உயிரியல்காரர் கட்டுரை எழுதினாராம்: கூட்டத்தில் ஒவ்வொன்றும் தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொன்றை நிறுத்தப் பார்க்கிறது, அப்படி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிவதில்தான் கூட்டமே உண்டாகிறது என்று. பாசம் கீசம் எல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது.

எனக்கு இது புரிய ஆங்கிலக் கட்டுரை தேவையில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மதுரையில் பாருங்கள். பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் எல்லாரும் கூட்டத்தில் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஊர் திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வரப்புச் சண்டை.

கண்ணாடித் தொட்டிக்குள் பெரிய மீன் கிடையாது, பயம் கிடையாது. பயம் போனதும் கூட்டம் போய்விட்டது. ரெண்டாவது வாரமே ஒன்று தலைவனாகிவிட்டது. அது அடுத்ததைத் துரத்தும், அடுத்தது அதற்குக் கீழே இருப்பதைத் துரத்தும். கடைசியில் ஒன்று, எல்லாரிடமும் கொத்து வாங்கி, வால் கிழிந்து, மூலையில் மோட்டாருக்குப் பின்னால் ஒளியும். இரைக்கு வராது. நாலு நாளில் வயிறு ஒட்டிச் சாகும். அப்பாடா, சண்டை முடிந்தது என்று நினைத்தால், அதற்கு மேலே இருந்தது இப்போது கடைசியாகிவிட்டது. இப்படியே ஒவ்வொன்றாக. நடுவில் ரெண்டுக்கு விலாவில் சிவப்பாகப் புண் வந்தது. யூரோனிமா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, தசையையே தின்னும், குரோமிஸ் என்றால் அதற்கு உயிர். புண் கண்ணில் பட்ட அன்றைக்கே முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் சாயங்காலம் மல்லாந்து கிடந்தன. தொட்டியைச் சுற்றி என் மகன் ஊதுபத்தி காட்டினான்.

சத்தம் போடுகிற ஆடு மாடு என்றாலாவது வலி தெரியும். இதுகள் அவ்வளவு அழகாக இருந்துகொண்டே அடித்துக்கொள்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும், "எவ்வளவு ஜாலியா வெளையாடுது பாருங்க" என்கிறார்கள். விளையாட்டா அது?

நல்ல மீனாக வாங்கியிருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மதுரையில் வாங்கிய கடையில், எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டேன். "கடல் மீனுங்க" என்றார். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவளத்துக்குள் ஒளியும் மீனைச் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிப்பது காலகாலமாக நடந்திருக்கிறது. அப்படிப்பட்டது பிழைத்தாலும் ஈரல் பிழைக்காது. எங்கள் ரோட்டையே பிடித்துக்கொண்டு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் மண்டபம். அங்கே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனையும் குரோமிஸின் சொந்தக்கார டாம்சல்களையும் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்துக் காட்டியிருக்கிறது. அப்படித் தொட்டியில் பிறந்த குஞ்சு எங்கள் பக்கத்துக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. வருவது எல்லாம் விமானம் ஏறி, பாலித்தீன் பையில் ரெண்டு நாள் ஆடி, பாதி உயிரோடு வருவது. ஒளிந்துகொள்ள நிஜப் பவளம் வைக்கலாம் என்றால் அது 2001-லிருந்து சட்டப்படி புலிக்குச் சமம், தொட்டால் ஜெயில். அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. அதனால் ஊதாக் கலர் பிளாஸ்டிக் கொம்பு. அதற்குள் ஒரு நாள்கூட எந்த மீனும் தூங்கவில்லை.

1909-இல் மெட்ராஸ் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தார்கள். கடலுக்கு எதிரிலேயே. அது அறிவு. ரோட்டைத் தாண்டினால் கடல் தண்ணீர். அதையும் போர்க்காலத்தில், 1942-இல் மூடிவிட்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கமே கையை விட்ட வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன், அதுவும் சம்பளமில்லாமல்.

நேற்றும் போன் வந்தது. தொட்டிப் பக்கம் திருப்பினேன். சாயங்காலம், கூடத்தில் லைட் போடவில்லை.

"ரெண்டு இருக்கேக்கா! ஒன்னு போயிருச்சுன்னு போன வாரம் சொன்ன?"

"ஒன்னுதாண்டா. நல்லாப் பாரு. இன்னொன்னு கண்ணாடில தெரியுது."

துரத்துவதற்கு ஆள் இல்லாமல், கண்ணாடியில் தெரிகிற தன்னையே முட்டிக்கொண்டிருந்தது அது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் அந்த ஊர்க் காற்று இரைகிற சத்தம் கேட்டது.

"தனியாக் கெடந்தா ஏங்கிப் போயிரும்க்கா. பணம் போட்டு விடுறேன். மாமாவை மதுரைக்குப் போகச் சொல்லி ஒரு ஆறு வாங்கி..."

"டேய், கரண்ட் போயிருச்சு. வைடா" என்று கட் பண்ணிவிட்டுப் பேட்டரி மோட்டாரைத் தேடப் போனேன்.