இசைவுத்தாள் தமிழில் இருக்கட்டும்

ஒரு வரப்பிற்காக வழக்கிடும் உடன்பிறந்தார், அவ் வரப்பின் விலையினும் மிகுதியை வழக்குரைஞர்க்கே அளந்து கொட்டுகின்றனர். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்கு வேறொரு வாயிலைத் திறந்துள்ளது. அதுவே மக்கள் முறைமன்றம். ('லோக் அதாலத்' என்னும் வடபெயர் நமக்கெதற்கு?) வழக்கு அங்கு இணக்கமாய் முடியின், முன்பு கட்டிய மன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சாதித் தலைவர் மிரட்டி முடிக்கும் ஊர்க்கூட்டம் அன்று இது. இசையாதவர் மீண்டும் வழக்கிற்கே செல்லலாம்.

ஆனால் இசைந்துவிட்டாலோ, அம் முடிபின்மேல் மேன்முறையீடு இல்லை. பேசியது தமிழில், இசைந்ததும் தமிழில். எழுதிய தாள் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பின், தாம் எதனை விட்டுக்கொடுத்தோம் என்பதை உழவர் எங்ஙனம் அறிவார்? தமிழில் எழுதிப் படித்துக் காட்டும்வரை அவர் கையொப்பம் இடவேண்டா.