வேத வானொலிகளின் வரவு செலவு

2011-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி சனிக்கிழமை. அன்று நியாயத் தீர்ப்பு நாள் வந்துவிடும், அக்டோபர் 21-ந் தேதி உலகமே அழிந்துவிடும் என்று ஒரு வானொலி ஸ்தாபனம் தேதி குறித்துப் பறைசாற்றியது. சனிக்கிழமை வந்தது, போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சூரியன் வழக்கம்போல் உதித்தான். உலகத்துக்கு ஒன்றும் நேரவில்லை. காலியானது அந்த வானொலியின் கஜானா!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஓக்லாந்து நகரில் தலைமை நிலையம் வைத்திருந்த ‘பேமிலி ரேடியோ’ என்ற ஸ்தாபனத்தின் கதை இது. அமெரிக்காவில் எவனோ தேதி குறித்தான், எவனோ ஏமாந்தான், புதூருக்கும் விளாத்திகுளத்துக்கும் அதனால் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் கரிசல் காட்டுக்கு வானொலி என்பது பெரும்பாலும் கடல் தாண்டி வந்த குரல். திருநெல்வேலி வானொலி நிலையம் வந்ததே 1963-ல்தான். அதற்கு முன்னும் பின்னும் தேநீர்க் கடையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் முழங்கியது இலங்கை வானொலி. பொழுது சாய்ந்தால் முள்ளைத் திருப்பத் திருப்ப வேறு பல குரல்கள் தமிழ் பேசின. ரோமாபுரியிலிருந்து வத்திக்கான் வானொலி, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இந்து மகா சமுத்திரத்தில் செஷல்ஸ் தீவிலிருந்து பேபா, இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ. அத்தனையும் மதப் பிரசாரத்துக்காக நடந்தவை. நல்ல தமிழில் செய்தி சொன்னதும் உண்டு, நேயர் கடிதங்களுக்கு மரியாதையாகப் பதில் போட்டதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஏன் எல்லாம் வெளிநாட்டிலிருந்தே வந்தன? இந்தியாவில் வானலை சர்க்காரின் ஏகபோகமாக இருந்தது. வானலை பொதுமக்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்புச் சொன்ன பிறகே தனியாருக்குக் கதவு திறந்தது. அந்தத் தனியார் பண்பலை விதிகளிலும் மத ஸ்தாபனங்களுக்கு உரிமம் இல்லை. ஆகவே மத வானொலி வேண்டுமானால் கடலுக்கு அப்பால் கோபுரம் நட வேண்டும். கேட்பவன் இங்கே, கணக்குப் பெட்டி அங்கே! இந்த ஏற்பாட்டில் கரண்டு பில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்க வழியும் இல்லை, கேட்கும் பழக்கமும் இல்லை.

பேமிலி ரேடியோ விஷயத்தில் அந்தக் கணக்கு வெளியே தெரிந்தது. தருமப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் என்ற முறையில் அது ஆண்டுதோறும் வருமான வரி இலாகாவுக்குக் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை யாரும் வாங்கிப் பார்க்கலாம். அதனால்தான் இன்று நாம் பேச முடிகிறது.

ஸ்தாபனத்தின் தலைவர் ஹெரால்டு கேம்பிங். சிவில் இன்ஜினீயரிங் படித்தவர், காண்டிராக்டு தொழில் செய்தவர். 1958-ல் சிலருடன் சேர்ந்து ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். 1959-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் நிலையத்தை வாங்கினார்கள். விளம்பரம் கிடையாது, சரக்கு விற்பனை கிடையாது. நேயர்கள் அனுப்பும் காணிக்கைதான் ஒரே வருமானம். அந்தக் காணிக்கையில் அறுபதுக்கு மேற்பட்ட நிலையங்கள் வந்தன. புளோரிடா மாகாணத்தில் பிரம்மாண்டமான சிற்றலைக் கோபுரங்கள் எழுந்து, பல மொழிகளில் உலகமெல்லாம் பேசின. 2009-ம் ஆண்டில் மட்டும் வந்த காணிக்கை சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர்.

கேம்பிங் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர் அல்ல. ஸ்தாபனத்தில் அவர் சம்பளம் வாங்கவில்லை என்றே சொல்லப்பட்டது. திருடனாக இருந்தால் விஷயம் சுலபம். போலீசில் சொல்லலாம், பணத்தை ஜப்தி செய்யலாம். இங்கே நடந்தது வேறு. மைக்கும் ஒருவர் கையில், பணப்பெட்டியும் ஒருவர் கையில், தப்பு என்று எழுந்து சொல்ல அதிகாரம் உள்ள ஆள் ஒருவரும் இல்லை. 1994-ம் ஆண்டு செப்டம்பரிலேயே உலக முடிவு வரலாம் என்று புத்தகம் போட்டு, அது பொய்த்துப் போனவர் அவர். அந்த ஒரு முறையே போதாதா? வேறு எந்த நிர்வாகத்திலாவது அப்படிப்பட்டவர் கையில் மறுபடி சாவியைக் கொடுப்பார்களா?

கொடுத்தார்கள். 2011-ல் ஊரெங்கும் ஆயிரக்கணக்கான விளம்பரப் பலகைகள், தெருத் தெருவாய் வண்டிகள், துண்டுப் பிரசுரங்கள். நியூயார்க்கில் பொதுப் போக்குவரத்து ஸ்தாபனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், ஆயுள் முழுவதும் சேர்த்த 1,40,000 டாலரை எடுத்து, ரயில்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் இந்தத் தேதிக்கு விளம்பரம் போட்டார். அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறக்குறைய 63 லட்சம் ரூபாய். நமது டிப்போ டிரைவர் ஒருவர் பணிக்கொடையையும் சேமநல நிதியையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்தாபனத்தின் சொந்த ஊழியர்களிலேயே பலர் இதை நம்பவில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரத் தயாராகவே இருந்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்தது, வெளியே இருந்து பணம் அனுப்பியவனுக்குத் தெரியவில்லை.

தேதி கடந்ததும் நிருபர்கள் கேட்டார்கள், பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று. திருப்பித் தர அவர் சம்மதிக்கவில்லை. ஜூன் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. 2012 மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் தமது 92-ம் வயதில் இறந்தார். மனிதர் வருந்தினார், நல்லது. கணக்கு வருந்துமா? 2007-ல் 13 கோடியே 50 லட்சம் டாலராக இருந்த நிகர சொத்து, 2011 முடிவில் 2 கோடியே 92 லட்சமாகக் கரைந்திருந்தது. காணிக்கை வற்றியது. வெகுகாலம் உழைத்த ஊழியர்களுக்கு வேலை போயிற்று. அன்னபோலிஸ் நிலையம் 85 லட்சம் டாலருக்குப் போயிற்று. பிலடெல்பியா நிலையம் 2 கோடியே 25 லட்சத்துக்குப் போயிற்று. நியூயார்க் வட்டாரத்துக்கே கேட்கும் நூவார்க் நிலையம் 2013-ல் 4 கோடி டாலருக்கும் அதோடு ஒரு சின்ன நிலையத்துக்கும் கைமாறியது. வாங்கியவை எல்லாம் வியாபாரக் கம்பெனிகள். அதே ஆண்டு ஜூன் 30-ந் தேதி புளோரிடாவின் சிற்றலைக் கோபுரங்கள் மௌனமாயின.

தேதி குறிக்காத மற்ற மத வானொலிகள் பிழைத்தனவா? அதுவும் இல்லை. சிற்றலை என்பது பணம் தின்னும் பூதம். 100 கிலோவாட், 250 கிலோவாட் என்பவை இந்த வேலைக்குச் சாதாரண அளவு. ஐந்து குதிரைச் சக்தி பம்புசெட்டு இழுப்பது நாலு கிலோவாட்டுக்கும் குறைவு. ஒரு 250 கிலோவாட் கோபுரம் பேசுகிற நேரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பம்புசெட்டுகள் சேர்ந்து ஓடுவதாகக் கொள்ளலாம். அதற்கு மேல் உதிரி சாமான், வால்வு, காவல், இன்ஜினீயர் சம்பளம். கேட்கிற ஏழையோ காசு அனுப்ப முடியாதவன். ஆக, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பக்தர்களும் சபைகளும் கட்டிய பில்தான் அது. அங்கே மனம் மாறினால் இங்கே குரல் நிற்கும்.

நின்றது. செஷல்ஸ் தீவின் பேபா நிலையம் 2003-ல் மூடப்பட்டது. மணிலா வெரித்தாஸ் 2018 ஜூனோடு சிற்றலையை விட்டுவிட்டு இணையத்துக்குப் போயிற்று. 1931-ல் மார்க்கோனியே நிறுவித் தந்த வத்திக்கான் வானொலிக்கு ஆண்டுச் செலவு 2 கோடி யூரோவுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது, வரவோ சொற்பம். எழுபத்தெட்டு ஆண்டு விளம்பரமே தொடாத அந்த வானொலி, 2009-ல் இத்தாலி மின்சாரக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தை ஒலிபரப்ப ஆரம்பித்தது. கரண்டு விற்கிறவன் காசில் கரண்டு பில்! அதுவும் போதவில்லை. 2012 ஜூலையில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்குமான சிற்றலை, மத்திய அலை ஒலிபரப்பில் பெரும் பகுதியை நிறுத்தினார்கள். 2017-ல் தனி ஸ்தாபனம் என்ற அந்தஸ்தும் போய், வத்திக்கானின் பொதுச் செய்தித் துறையில் அது கரைந்தது. மதத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சர்க்கார் பணத்திலும் லைசென்ஸ் கட்டணத்திலும் நடந்த பிபிசி தமிழோசையே 2017 ஏப்ரல் 30-ந் தேதி வானொலியில் விடைபெற்றது.

செஷல்சும் மணிலாவும் மூடியது காலத்தின் மாறுதலால். பேமிலி ரேடியோ விழுந்ததோ தலைமையின் கோளாறால். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ‘மதம் ஒழிந்தது’ என்று நம் ஆட்கள் சிலர் மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். மதம் ஒழியவில்லை. கோபுரத்தை விட்டுக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசு வேலை முடிந்து பஸ்ஸில் வரும் பெண்ணின் கைப்பேசியில் இன்று பிரசங்கம் ஓடுகிறது. பிரசங்கியின் முகத்துக்குக் கீழே பணம் அனுப்பும் கட்டமும் ஓடுகிறது. முன்பு மணியார்டர் பாரம் எழுதவும் தபாலாபீசுக்கு நடக்கவும் ஒரு நாள் ஆகும். அந்த நடையில் யோசிக்க நேரம் இருந்தது. இப்போது கட்டைவிரல் பட்டால் போதும்.

அனுப்பாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவள் உழைத்த காசு. நமது ஏடும் சங்கமும் வசூலில் நடப்பவைதான். உண்டியல் குலுக்காத தோழர் நம்மில் யார்? ஆனால் மில் சங்கத்தில் சந்தா வாங்கினால் ரசீது உண்டு. ஆண்டு மகாசபையில் பொருளாளர் எழுந்து வரவு செலவு வாசிக்க வேண்டும். கடைசி வரிசையில் இருக்கிற உறுப்பினர் டீச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை பொருளாளர்கள் அந்த டீச் செலவில் வியர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறோம்! ஓக்லாந்தில் வரவு செலவு காகிதத்தில் இருந்தது. எழுந்து கேட்கும் மகாசபைதான் இல்லை.

பேமிலி ரேடியோ இன்னும் நடக்கிறது. தலைமை நிலையத்தைக் கலிபோர்னியாவிலிருந்து டென்னசிக்கு மாற்றிக்கொண்டார்கள். கேம்பிங்கின் பழைய பிரசங்கங்களை 2018-ல் அடியோடு நிறுத்தினார்கள். 2015-ல் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய நியூயார்க் மத்திய அலை நிலையம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் கோபுரங்கள் நின்ற இடம் குவீன்ஸ் பகுதியில், கிடங்குகளுக்குக் கிராக்கியான இடம். 2021-ல் அந்த மனையை மட்டும் 5 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கிடங்குக் கம்பெனிக்கு விற்றார்கள். கோபுரங்கள் ஓய்ந்தன. வத்திக்கான் வானொலியின் கோபுரங்கள் நிற்கும் ரோமாபுரிப் புறநகர் நிலத்தில் சூரிய மின் நிலையம் அமைக்க 2024-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ் உத்தரவிட்டார். கயத்தாறிலும் விளாத்திகுளத்திலும் காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் நிலம் கைமாறுவதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. குவீன்ஸ் மனை விற்ற பணத்தை என்ன செய்வது என்பதை ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழு முடிவு செய்யும். 1,40,000 டாலர் செலவழித்த அந்தப் போக்குவரத்துத் தொழிலாளிக்கு அந்தக் குழுவில் ஓட்டு கிடையாது.