மருத்துவச்சிக்கு என்ன கூலி?

சோமனூரில் தறிக்குடோன் வைத்துக் கூலிக்கு நெசவு ஓட்டும் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் மனைவிக்கு இது இரண்டாவது பிரசவமாம். முதல் குழந்தையை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்தார்களாம். அதற்கான கடனே இன்னும் தீரவில்லையாம். இப்போது "இயற்கை முறையில் வீட்டிலேயே சுகப்பிரசவம் பார்த்துத் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டத்தார் வந்திருப்பதாகவும், அவர்கள் கேட்கும் தொகை ஆஸ்பத்திரிக் கணக்கைவிடக் குறைவுதான் என்றும், நம் பாட்டிமார்களெல்லாம் வீட்டிலேதானே பெற்றார்கள், ஆகவே கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கின்றார்.

கொடுக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுவோம். ஒரு தடவை கீறித் தைத்த கர்ப்பப்பையில் தழும்பு இருக்கும். அடுத்த பிரசவத்தில் வலி முற்றும்போது அந்தத் தழும்பு பிளந்துகொள்ளக் கூடும். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. சுமார் 200 பேரில் ஒருவருக்கு நடக்கும் என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்லுகின்றார்கள். ஆனால் நடந்துவிட்டால் சில நிமிஷங்களுக்குள் ரண சிகிச்சை அறையும் ரத்தமும் இருந்தாக வேண்டும். தோழரின் வீட்டில் தறியும் பாவும் நூலும் இருக்கலாம். அவை இரண்டும் இருக்க நியாயமில்லை.

நிற்க, பாட்டிமார்கள் வீட்டிலேதானே பெற்றார்கள் என்னும் வார்த்தையைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். வீட்டிலே பெற்றார்கள் என்பது வாஸ்தவம். எப்படிப் பெற்றார்கள், எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், பிரசவம் பார்த்தவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பவற்றை மாத்திரம் யாரும் சொல்லுவதில்லை.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். மருத்துவச்சி என்று பேர் மாத்திரம் பெரிதாக இருந்தது. நடுராத்திரியில் கூப்பிட்டாலும் அவள் வர வேண்டும். மழையென்றும் சொல்லக்கூடாது, தன் பிள்ளைக்குக் காய்ச்சலென்றும் சொல்லக்கூடாது. உதிரத்தையும் மலத்தையும் அள்ளிக் கொட்டி, நஞ்சுக்கொடியைப் புதைத்துவிட்டு அவள் புறப்படும்போது, கொஞ்சம் தானியம், ஒரு பழஞ்சேலை, வெற்றிலை பாக்கு, சில்லறை. மற்றபடி அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் நின்று வாங்கிக்கொள்ளும் கம்போ சோளமோதான். ஆண் குழந்தையானால் கை கொஞ்சம் தாராளமாகும். பெண் குழந்தையானால் முகமே சுருங்கும். பிறந்தது பெண்ணானதற்கு மருத்துவச்சியின் கூலியில் பிடித்தம்! இப்படியொரு கணக்கு எந்தத் தறிக்குடோனிலாவது உண்டா? நூல் அறுந்ததற்குப் பிடிப்பான். வேஷ்டிக்குப் பதில் சேலை நெய்ததற்கு எவனும் பிடிக்கமாட்டான்.

அதே வீட்டில், பிறந்த நேரத்தைக் குறித்து ஜாதகம் எழுத வருகிற ஜோசியனுக்குத் தட்டில் வைத்துத் தட்சணை. தீட்டுக் கழிக்கிறவனுக்கு அரிசியும் பருப்பும் தேங்காயும் பழமும். இவர்கள் இரண்டு பேரும் பிரசவ அறைப் பக்கம் தலைகூட நீட்டியவர்களல்ல. உயிரைக் கையில் வாங்கியவளுக்குத் திண்ணைக்குக் கீழே நிறுத்திப் பழஞ்சேலை. எட்டியே நின்றவனுக்கு நடுவீட்டில் மணைபோட்டு மரியாதை. தொட்டவளுக்குத்தான் தீட்டு என்று சாஸ்திரம் செய்துவைத்தால் கூலியையும் அதே சாஸ்திரந்தானே நிர்ணயிக்கும்?

அந்த மருத்துவச்சியிடம் அனுபவம் இருந்தது. குழந்தை புரண்டு கிடந்தால் கையால் தடவிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் கிருமி என்று ஒன்றிருப்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தக் கத்தி கிடைத்ததோ அதைக்கொண்டு தொப்புள்கொடி அறுக்கப்பட்டது. சாம்பலோ சாணமோ அதன்மேல் அப்பப்பட்டது. ஏழெட்டு நாளில் குழந்தை வாய் பூட்டி, விறைத்து, வெட்டி வெட்டி இழுத்துச் செத்தால் "தோஷம் தட்டிவிட்டது" என்றார்கள். அது தோஷமுமல்ல, பேயுமல்ல, ரணஜன்னி. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டும், சுத்தமான பிளேடால் கொடியறுத்தும்தான் அது ஒடுக்கப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒரு பெருவாரி நோயாக இல்லாமல் ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 2015ம் வருஷத்தில்தான். இதற்காக எந்தக் கோவிலிலும் விசேஷ பூஜை நடந்ததாக நமக்குத் தகவல் இல்லை.

தாய்மார்களின் கதை இன்னும் மோசம். 1946ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கையில், இந்தியாவில் பிரசவ சம்பந்தமாக வருஷத்திற்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் சாவதாகவும், 1,000 பிரசவத்துக்கு 20 தாய்மார்கள் போய்விடுவதாகவும் மதிப்புப் போட்டிருந்தார்கள். பழகிய மருத்துவச்சியோ 60,000 ஜனங்களுக்கு ஒருத்திதான் இருந்தாள். சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844லேயே ஏற்பட்டது. நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அப்படியிருந்தும் கிராமத்துப் பெண்ணுக்கு அதன் பலன் எட்ட இன்னும் பல பத்து வருஷங்கள் பிடித்தன.

இப்போது தமிழ்நாட்டு நிலைமை என்ன? 2018-20ம் வருஷத்திய சர்க்கார் கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள். பழைய மதிப்பை அதே அளவில் சொன்னால் லட்சத்துக்கு 2,000 ஆகும். இந்த வித்தியாசத்தைப் பாட்டி வைத்தியம் உண்டாக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும், ரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசியும், வலிப்பைத் தடுக்கிற மருந்தும், ரத்த வங்கியும், 108 வண்டியும், ராத்திரியில் விழித்திருக்கும் நர்சும் உண்டாக்கினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2018 ஜூலையில் நமக்குப் பக்கத்துத் திருப்பூரில் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். 28 வயதுள்ள ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி. அவருடைய புருஷனும், அவர்கள் சிநேகிதக் குடும்பத்தாரும் சேர்ந்து, யூடியூப் படத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. தாயாருக்கு உதிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்த அம்மையார் படிக்காதவரல்ல, அக்கூட்டத்தில் யாரும் பட்டினி கிடந்தவர்களுமல்ல. அடுத்த மாதமே கோவைப்புதூரில் வீட்டுப் பிரசவத்துக்கு ஒரு நாள் இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒரு "ஹீலர்" கைது செய்யப்பட்டார். ஒரு நாள் பயிற்சியாம்! தறி ஓட்டப் பழகுவதற்கு ஒரு நாள் போதும் என்று சோமனூரில் யாராவது சொல்லித் தப்ப முடியுமா?

பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரம் இரண்டு மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். யாருக்கு அது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முந்தின பிரசவம் சுகமாய் ஆனவளுக்கும் வரும். ஆகவே "எனக்குத் தெரிந்த நாலு பேர் வீட்டில் நன்றாகத்தான் பெற்றார்கள்" என்பது ஒரு ருஜுவாகாது. கண்ணை மூடிக்கொண்டு ரஸ்தாவைக் கடந்தவர்களிலும் நாலு பேர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் இந்த ஹீலர்களைத் திட்டிவிட்டு டாக்டர்களுக்கு மாலை போட்டு முடித்துவிடுவது யோக்கியமாகாது. தோழர் கடிதத்தில் இருக்கும் மனக்குறை நிஜமான மனக்குறை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் 100க்கு 64. சர்க்கார் ஆஸ்பத்திரியில் 36. தனியாருக்குப் போகிற பெண்ணின் வயிறு மாத்திரம் வேறுவிதமாகவா சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறது? அவசியத்தால் கீறுவது உயிரைக் காக்கும். ஆஸ்பத்திரிக் கணக்குக்காகவும், டாக்டரின் சௌகரியத்துக்காகவும் கீறுவதைக் கேள்வி கேட்க யாருமில்லை. இதில் நம்மவர்கள் யோக்கியதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன நட்சத்திரத்தில், இன்ன ஓரையில் குழந்தையை எடுங்கள் என்று டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுக்கும் குடும்பங்கள் கோயமுத்தூரில் கொஞ்சமா? கத்தி சயன்சின் கத்தி. அதைப் பிடிக்கிற நேரம் ஜோசியனுடையது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணமில்லை. 2011 முதல் சிசேரியன் உள்பட எல்லாம் இலவசம் என்று திட்டமே இருக்கிறது. என்றாலும் வலியில் அலறும் பெண்ணை வைகிறார்கள், கூட ஆள் நிற்க விடுவதில்லை, என்ன செய்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுவதில்லை என்று பெண்கள் சொல்லுகிறார்கள். பெண்கள் சொல்லுவதை நாம் நம்புகிறோம். ஹீலர் கடை விரிப்பதற்கு இடம் கொடுத்தது இந்த வசவுதான்.

பெரிய டாக்டர்களும் தப்புச் செய்யாதவர்களல்ல. 1840களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. வைத்திய மாணாக்கர்கள் பார்த்த வார்டில் 100க்கு 10 தாய்மார்கள் அளவில் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அதில் பாதிகூட இல்லை. மாணாக்கர்கள் பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் டாக்டர் 1847ல் கண்டுபிடித்து, குளோரின் தண்ணீரில் கை கழுவச் சொன்னார். சாவு சட்டென்று இறங்கிற்று. கனவான்களாகிய எங்கள் கையா அழுக்கு என்று பெரிய டாக்டர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவரை வேலையில் தொடரவிடவில்லை. நாம் ஆளைப் பார்த்து நம்பச் சொல்லவில்லை. கழுவிய கையைப் பார்த்து நம்பச் சொல்லுகிறோம்.

சீமையிலே வீட்டுப் பிரசவம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. இங்கிலாந்தில் 1902லேயே மருத்துவச்சிகளுக்கென்று சட்டம் செய்தார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு பெண் வீட்டில் பெற விரும்பினால், சர்க்கார் சம்பளம் வாங்கும் மருத்துவச்சி வீட்டுக்கே வருகிறாள். பெண் காசு கொடுப்பதில்லை. அவள் வருஷக்கணக்கில் படித்தவள். கையில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி இருக்கும், குழந்தைக்கு மூச்சு ஊட்டும் கருவி இருக்கும். ஒரு போன் போட்டால் வண்டி வரும், ஆஸ்பத்திரி காத்திருக்கும். இவ்வளவும் இருந்தும் 2011ல் அங்கே 64,000க்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது? ஆபத்துக் குறியில்லாத பெண்களிலும், முதல் பிரசவத்தை வீட்டில் பார்க்கத் தொடங்கியவர்களில் 100க்கு 45 பேரை நடுவில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்குச் சாவோ பெரிய சேதமோ நேர்ந்தது ஆஸ்பத்திரியில் 1,000க்கு 5.3, வீட்டில் 9.3. இரண்டாவது மூன்றாவது பிரசவக்காரர்களுக்கு அப்படி வித்தியாசம் காணவில்லை. இதைக் கேட்டதும் நமது தோழர், தம் மனைவிக்கு இது இரண்டாவதுதானே என்று துள்ளக்கூடாது. முன்னே கீறப்பட்டவர்களை அந்த ஆபத்துக் குறியில்லாதவர் கணக்கில் சேர்க்கவேயில்லை.

ஆகவே தோழர் கொடுக்க நினைக்கும் பணம் எதை வாங்கும் என்று பார்க்கவேண்டும். வருகிற அம்மாள் எங்கே படித்தாள்? நர்சாகவோ மருத்துவச்சியாகவோ பதிவு உண்டா? ரத்த அழுத்தம் பார்ப்பாளா? உதிரம் பெருகினால் என்ன மருந்து கொடுப்பாள்? எந்த ஆஸ்பத்திரி அவளுக்குக் கதவைத் திறக்கும்? இவற்றுக்குப் பதிலாக இயற்கை, கஷாயம், நம்பிக்கை என்று சொன்னால் அது பழைய ஜோசியன் தட்சணையே ஒழிய மருத்துவச்சி கூலியல்ல.

சரியான மருத்துவச்சி நமக்கு வேண்டும் என்பதில் ஆட்சேபணை இல்லை. 2018ல் இந்திய சர்க்காரே, நர்சுகளுக்கு 18 மாதம் தனிப்பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளாக்கி, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவது என்று வழிமுறை வகுத்திருக்கிறது. பக்கத்து அறையில் ரண சிகிச்சைக்கு ஆள் இருக்க, இந்தப் பக்கத்து அறையில் கத்தியில்லாமல், வசவில்லாமல், பெண் தனக்கு வேண்டிய ஆளைக் கூட வைத்துக்கொண்டு பெறலாம். ஹீலர் விற்பதாகச் சொல்லும் சரக்கு இதுதான். இதைச் சர்க்கார் இலவசமாய்க் கொடுக்க முடியும். ஒவ்வொரு சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியிலும் அப்படிப்பட்டவர்களை நியமிக்க வேண்டும், அவர்களுக்கு நிரந்தர உத்தியோகமும் முறையான சம்பளமும் வேண்டும் என்று சோமனூர்க்காரர்கள் ஏன் கேட்கக் கூடாது? கூலி என்றால் என்ன என்று இவ்வூராருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2022ல் கூலி உயர்வுக்காகத் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்கள் இவர்கள். துணிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற ஊரில், பிள்ளையைக் கையில் வாங்குகிறவளின் கூலியைப் பற்றி ஒரு கூட்டமாவது நடந்ததுண்டா?

இன்னொன்று. தறிக்குடோனில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ காலச் சம்பளம் 26 வாரம் என்று 2017ல் சட்டம் திருத்தப்பட்டது. 10 பேருக்குக் குறைந்த குடோன்களுக்கு அந்தச் சட்டம் பொதுவாய் எட்டவில்லை. சோமனூர்க் குடோன்களில் எத்தனை 10 பேரைத் தாண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரால் 1987ல் 300 ரூபாயுடன் தொடங்கிய உதவி 2018 முதல் 18,000 ரூபாயாக இருக்கிறது. முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். கர்ப்பமானவுடன் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்துகொண்டு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெற்று, அதை வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நாம் கொடுத்த வரிப்பணந்தான்.

தோழர் தம் கடிதத்தில் எட்டாவது மாதம் என்று எழுதியிருப்பதால் தாமதிக்கக் கூடாது. முதல் பிரசவத்தின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, ரண சிகிச்சையும் ரத்தமும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே இரண்டு பேரும் போகட்டும். கோயமுத்தூர் 20 மைலுக்குள்தான் இருக்கிறது. பழைய தழும்பு எப்படி இருக்கிறது, இந்தத் தடவை கீறாமல் பெற முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று டாக்டரைக் கேட்கட்டும். பதில் சொல்லுவது டாக்டரின் கடமை. மேலும், அவ்வளவு நீளமான கடிதத்தில் அந்த அம்மையாருடைய விருப்பம் இன்னதென்று ஒரு வரிகூடக் காணப்படவில்லை. அடுத்த கடிதத்தை அவரே எழுதினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.