ரயிலும் இல்லை, கர்னலும் இல்லை... சாமி மட்டும் போய்விட்டார்!

1964-ல் வந்த 'தி ட்ரெயின்' படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் உடனே பார்த்துவிடுங்கள். ஜான் ஃப்ராங்கன்ஹைமர் இயக்கம், பர்ட் லங்காஸ்டர் நடிப்பு. கதை நடப்பது 1944 ஆகஸ்டில். பாரிஸ் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு ஜெர்மன் கர்னல் பிரான்சின் ஓவியங்களைப் பெட்டி பெட்டியாக அடைத்து ரயிலேற்றுகிறான். ரயில்வே தொழிலாளிகள் விடுவதாக இல்லை. ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளை மாற்றி, ஜெர்மனிக்குப் போவதாக நம்பவைத்து, ரயிலைச் சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதற்கு விலையாக ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

தாம்பரம் மாதிரி ஒரு ரயில் ஊரில் இந்தப் படத்தைப் போட்டால் விசில் பறக்கும். பறக்கட்டும், தப்பில்லை. ஆனால் பிரான்சின் ஓவியத்துக்காகத் துடிக்கிற மனசு, தாம்பரத்தில் ரயிலேறினால் ஒரு ராத்திரிக்குள் போய்விடக்கூடிய அரியலூர் மாவட்டத்துச் சாமிக்காக ஏன் துடிக்கவில்லை? கேள்வி அதுதான்.

ஸ்ரீபுரந்தான் கதை

ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கோயில். பூசை நின்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2006-ல் அங்கிருந்த செப்புத் திருமேனிகள் திருடு போயின. போனது 2008 வரை வெளியே தெரியவே இல்லை. அதே 2008-ல், அங்கிருந்து போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

இங்கே டாங்கி வந்ததா? துப்பாக்கி வெடித்ததா? கர்னல் யாராவது உத்தரவு போட்டாரா? ஒன்றும் இல்லை. உள்ளூர் ஆள் பூட்டை உடைத்தான், தரகன் காசு கொடுத்தான், புதுசாகச் செய்த கைவினைப் பொருள் என்று எழுதிச் சாமியைக் கப்பலேற்றினார்கள். நாஜிகளுக்கு ஒரு படையே தேவைப்பட்டது. இங்கே ஒரு பொய் பில் போதுமானதாக இருந்தது.

அந்தப் பொய்யின் அழகைப் பாருங்கள். டெல்லியில் வேலை பார்த்த ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி 1970-ஐ ஒட்டி இந்தச் சிலையை வாங்கி வெளியே கொண்டுபோனார் என்று பத்திரம் தயாரானது. ஏன் அந்த வருஷம்? இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று காட்டினால் கேள்வி வராது! அருங்காட்சியகமும் தலையாட்டிவிட்டுச் செக்கைக் கிழித்துக் கொடுத்தது.

பிற்பாடு மாட்டிக்கொண்டபோது அவர்கள் சொன்னது, "நல்லெண்ணத்தில் வாங்கினோம்." 50 லட்சம் டாலர் போட்டு ஒரு பொருளை வாங்குகிறவர், அது எந்த ஊர்க் கோயிலில் இருந்திருக்கும் என்று தேடிப் பார்க்காமல் வாங்குவாரா? தாம்பரத்தில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவரே முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறார் சாமி!

"அங்கே பத்திரமாக இருக்குமே" கட்சி

ஒவ்வொரு விவாதத்திலும் இந்தக் கட்சிக்காரர் ஒருவர் வந்துவிடுவார். "இங்கே இருந்தால் தூசி படிந்து கிடக்கும். அங்கே ஏசி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உலகமே பார்க்கிறது."

முதல் பதில்: வாங்க ஆள் இருப்பதால்தான் திருட ஆள் வருகிறான். டிமாண்ட் இல்லாத சரக்குக்கு சப்ளை கிடையாது. பாதுகாப்பைக் கெடுத்தவனே பாதுகாவலன் வேஷம் போட முடியாது.

இரண்டாவது பதில்: அந்தத் திருமேனிகளை வார்த்தது கண்ணாடிப் பெட்டிக்காக அல்ல. அபிஷேகம், அலங்காரம், தோளில் ஏற்றி வீதியுலா, இதற்காகத்தான். உடம்பில் துணி இல்லாமல், ஒரு பூ இல்லாமல், அடியில் ஒரு எண்ணோடு நிற்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

மூன்றாவது பதிலை லண்டன் நீதிமன்றமே சொல்லிவிட்டது. தஞ்சைப் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை போனார். வழக்கில் அந்தப் பாழடைந்த கோயிலும் ஒரு வழக்காளி. 1988-ல் கோயில் பக்கம் தீர்ப்பு வந்தது, 1991-ல் நடராஜர் திரும்பினார். இடிந்த கோயிலுக்கும் உரிமை உண்டு என்று வெள்ளைக்காரன் கோர்ட்டு ஒப்புக்கொண்டதை, நம்மூர் ஆட்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கண்ணாடியைத் திருப்புங்கள்

வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி உண்மைதான். கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951-ல் பூமியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். சில வருஷத்தில் செப்பனிடக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல்! அசல் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்தது. கோயிலில் இருப்பது போலி என்பதை 1965-ல் எழுதிக் காட்டியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். தினமும் தீபாராதனை காட்டியவர்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அசல் 1986-ல்தான் திரும்பி வந்தது.

மீண்டு வந்த பிறகாவது? பல திருமேனிகள் பாதுகாப்பு மையங்களின் கம்பிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. கோயிலில் காவல் இல்லையாம். சிறையில் இருக்க வேண்டியவன் திருடன், இருப்பது சாமி.

நிஜ ஹீரோ யார்?

மறுபடி படத்துக்கு வருவோம். அதன் ஆதாரம் ரோஸ் வாலாந்த் என்ற பெண்மணி எழுதிய புத்தகம். நாஜிகள் திருட்டுச் சரக்கைக் குவித்துவைத்திருந்த பாரிஸ் அருங்காட்சியகத்தில் அவர் ஊழியர். அவருக்கு ஜெர்மன் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று உயிரைப் பணயம் வைத்துக் குறித்துக்கொண்டே இருந்தார். நிஜ ரயிலைத் தடுத்ததிலும் துப்பாக்கியைவிடத் தாமதங்களுக்கும் காகித இழுபறிக்கும்தான் பங்கு அதிகம். போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பொருட்கள் மீள உதவியது அவருடைய பட்டியல்.

தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்கள். தூதரக அதிகாரி கதையைக் கிழித்தது அந்தத் தொகுப்பில் இருந்த படம்தான். 2014-ல் நடராஜர் நாடு திரும்பினார். ஆனந்தமங்கலத்தில் 1978-ல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதையை 2020-ல் லண்டனிலிருந்து மீட்டதும் 1958-ல் எடுத்த ஒரு படம். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருஷ தண்டனை வாங்கினார்.

படம் இருந்த சாமி வீடு திரும்பியது. படம் இல்லாத சாமி? எந்த நாட்டில் எந்த வரவேற்பறையில் நின்றாலும் "இது எங்களுடையது" என்று நிரூபிக்க வழியில்லை.

ஸ்டாக் லிஸ்ட் இல்லாத குடோனில் திருட்டு நடந்ததா என்றே சொல்ல முடியாது. இது பி.காம். முதல் வருஷப் பாடம். ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்று 1959-ஆம் வருஷத்து அறநிலையத்துறைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பதிவேட்டை, ஒவ்வொரு திருமேனியின் படம், உயரம், எடையோடு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள் என்று கேட்பது பெரிய புரட்சியா என்ன? "படம் போட்டால் திருடனுக்கு வழிகாட்டும்" என்பார்கள். திருடனுக்கு வழி ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது ஊருக்குத்தான்.

மாடம்பாக்கம், திருசூலம், மணிமங்கலம், சோமங்கலம்... தாம்பரத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போய்விடக்கூடிய பழைய கோயில்களே இத்தனை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் போய், உற்சவர்கள் எத்தனை, பதிவேட்டில் எத்தனை என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்தாயிற்று, மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

பி.கு: படத்தின் கடைசிக் காட்சியில் தண்டவாளத்தின் ஓரம் ஓவியப் பெட்டிகள் ஒரு பக்கம், சுட்டுக் கொல்லப்பட்ட பணயக் கைதிகள் ஒரு பக்கம். அந்த நாட்டில் அவ்வளவு விலை கொடுத்தார்கள். இங்கே கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் 10 ரூபாயும்தான்.